இருவரும் கைகோத்தால்

பொழுது புலருமுன்னே கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஜீப்புகள் புறப்படுகின்றன. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோர் மாலையில்தான் இல்லம் திரும்புகின்றனர். மகன் பள்ளிக்குச் சென்றானா, மகளுக்குக் கணக்கு விளங்கிற்றா என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்?

பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளைகளுக்கு வெட்கம் மிகுதி. ‘புரியவில்லை’ என்று சொல்ல நா எழாது. வகுப்பிற்கு வராத நாட்கள் பெருகும். பின்னர் ஒருநாள் அதே ஜீப்பில் பிள்ளையும் ஏறிவிடும். ஆசிரியர் பெற்றோரைக் குறை கூற, பெற்றோர் ஆசிரியரைக் குறை கூற, இழப்பு பிள்ளைக்கன்றோ?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடங்களைப் பெற்றோருக்கு வழங்கியுள்ளது. ஆயினும் கூட்டம் பகலில் கூடினால், ஒரு நாள் கூலியை இழந்தே ஏழைத் தாய் வரவேண்டும்.

ஆதலின், ஆசிரியப் பெருமக்களே, மாலையிலோ ஞாயிறன்றோ பெற்றோரைச் சந்தியுங்கள். பிள்ளையின் குறையோடு ஒரு நிறையையும் கூறுங்கள். பெற்றோரே, ‘நாங்கள் படிக்காதவர்கள்’ என ஒதுங்காதீர்கள். இரவில் அரைமணி நேரம் பிள்ளையின் அருகே அமர்ந்து, ‘இன்று என்ன படித்தாய்?’ என்று கேளுங்கள். எழுத்தறியாத தாயும் இதைக் கேட்கலாம். மதிப்பெண் குறைந்த அன்று கை ஓங்காதீர்கள். மறுநாளே ஆசிரியரிடம் பேசுங்கள்.

பொதுத் தேர்வில் தவறியவர்க்குத் துணைத் தேர்வு உண்டு. பள்ளியை விட்டு நின்ற பிள்ளை மீள்வதோ அரிது. அதற்கு முன்னரே நாம் கைகோப்போம்.