வண்ணத்தில் பதிந்த கையசைவு: ராஸா ஓவியங்களில் அசலும் போலியும்

புது தில்லி: 2009-ம் ஆண்டு ஜனவரி மாதம், தலைநகரின் கலைக்கூடம் ஒன்றில் தமது பெயரில் ஏற்பாடாகியிருந்த கண்காட்சியைத் தொடங்கி வைக்க வந்திருந்தார் ஓவியர் சையத் ஹைதர் ராஸா. அப்போது அவருக்கு வயது 86. சுவரில் மாட்டப்பட்டிருந்த ஓவியங்களைப் பார்வையிட்ட அவர், அவற்றில் பல தாம் வரைந்தவை அல்ல என்பதைக் கண்டு அதிர்ச்சியடைந்தார். கண்காட்சி மூடப்பட்டது.

ஓவியர் உயிருடன் இருந்ததால் அன்று போலி வெளிப்பட்டது. 2016-ம் ஆண்டு ஜூலை 23-ம் தேதி தில்லியில் அவர் காலமானார். இனி அவருக்காகச் சாட்சி சொல்ல எஞ்சியிருப்பவை ஆவணங்களும், ஓவியங்களின் மேற்பரப்பும்தான்.

அரூப ஓவியத்தை யார் வேண்டுமானாலும் தீட்டிவிடலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. முகம் இல்லை, மரம் இல்லை, வண்ணத்தை வாரி அப்பினால் போதாதா எனக் கேட்போர் படித்தவர்களிடையேயும் உண்டு. ராஸாவின் இடைக்காலப் படைப்புகளை நேரில் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்பதில்லை. அச்சிட்ட படத்தை மட்டும் பார்த்தவர்களைக் குறை கூறவும் முடியாது. தடித்த வண்ணத்தின் மேடு பள்ளங்கள் அச்சில் தட்டையாகிவிடுகின்றன.

மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில் வனத் துறையில் பணியாற்றியவரின் மகனாக 1922-ம் ஆண்டு பிறந்தவர் ராஸா. நாகபுரியிலும் மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியிலும் பயின்ற அவர், எஃப்.என். சூஸா, எம்.எஃப். ஹுசைன் உள்ளிட்டோருடன் 1947-ம் ஆண்டு முற்போக்கு ஓவியர் குழுவில் இணைந்தார். 1950-ம் ஆண்டு பிரெஞ்சு அரசின் உதவித்தொகையுடன் பாரீஸ் சென்றார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் அங்கு விமர்சகர் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

பிரான்ஸ் நாட்டின் கிராமங்களையும் தேவாலயங்களையும் அவர் தைல வண்ணத்தில் தீட்டிய விதம் தனித்தன்மை வாய்ந்தது. வண்ணத்தை மெல்லிய பூச்சாகப் பரப்பாமல், கெட்டியான குழம்பாகவே படுதாவின் மீது ஏற்றினார். கொத்தனாரின் கரண்டியைச் சிறிதாக்கியது போன்ற வண்ணக் கத்தியால் ஒரு வண்ணத்தை இழுத்தால், அடியில் உள்ள மற்றொரு வண்ணம் கீறலாக எட்டிப் பார்க்கும். தொடக்கத்தில் கூரையும் கோபுரமும் அடையாளம் தெரிந்தன. நாளடைவில் அவை வண்ணத் திட்டுகளுக்குள் கரைந்து மறைந்தன.

1962-ம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், பெர்க்லி வளாகத்தில் கற்பிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. மார்க் ராத்கோ முதலானோரின் ஓவியங்கள் அங்கு அவரை ஈர்த்தன. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஜாக்சன் பொல்லாக், தரையில் விரித்த படுதாவின் மீது வண்ணத்தைச் சொட்டவிட்டும் வீசியும் வரைந்தவர். விரல் நுனியால் வரைவதை விட்டு, தோளும் முழங்கையும் சேர்ந்து இயங்கும் முறை அது. கை எங்கு வேகமெடுத்தது, எங்கு தயங்கியது என்பது வண்ணத்தில் அப்படியே பதிந்துவிடும். வரைந்த பொருளைவிட வரைந்த செயலே ஓவியமாகிறது.

ராஸா தூரிகையைக் கைவிடவில்லை. அதன் வீச்சைக் கூட்டினார். அக்ரிலிக் வண்ணத்துக்கு அவர் மாறியதும் இதற்குத் துணை செய்தது. தைல வண்ணத்தில் உள்ள ஆளி விதை எண்ணெய் காற்றுடன் வினைபுரிந்து மெதுவாக இறுகுகிறது. தடித்த பூச்சாயின் உட்புறம் காய ஆண்டுகள் ஆகலாம். நீரில் கரையும் அக்ரிலிக்கோ விரைவில் உலரும். காத்திருக்காமல் அடுத்த வீச்சை அதன் மேலேயே இடலாம். மண்ட்லா காடுகளின் இரவு, 1970-களில் சிவப்பும் கருப்பும் காவியுமாக அவரது ஓவியங்களுக்குத் திரும்பி வந்தது. 1972-ம் ஆண்டின் "தபோவனம்" அவற்றுள் ஒன்று. பின்னாளில் அவருக்குப் பெரும் புகழ் தந்த "பிந்து" வட்டங்களை விரும்புவோர் அதிகம். ஆயினும், அவரது கையின் ஓட்டத்தை நேரடியாக உணரத் தருபவை இந்தக் காட்டு ஓவியங்களே.

போலி தயாரிப்பவர் இடறும் இடமும் இதுவே. வண்ணத்தையும் அமைப்பையும் பார்த்து நகலெடுக்கலாம். ஒரே மூச்சில் இட்ட வீச்சைப் பார்த்துப் பார்த்து இடும்போது வேகம் குறைகிறது. தூரிகை விட்டுச் செல்லும் வரப்பு தயங்கி நிற்கிறது. பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சினால் இந்த வரப்புகளின் நிழல் விழும். எந்தப் பூச்சின் மேல் எது வந்தது என்பதைக் கண்டறிய எக்ஸ்ரே படமும் உதவும்.

இத்தனை சோதனை தேவைப்படுவதற்கு விலையே காரணம். 1983-ம் ஆண்டு வரையப்பட்ட "சௌராஷ்டிரா" 2010-ம் ஆண்டு லண்டன் ஏலத்தில் ரூ.16.42 கோடிக்கு விற்றது. அதை வாங்கியவர் தில்லியில் அருங்காட்சியகம் நடத்தும் கிரண் நாடார். "தபோவனம்" 2018-ம் ஆண்டு நியூயார்க்கில் 44 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. "ஜெஸ்டேஷன்" என்ற ஓவியத்தின் விலை 2023-ம் ஆண்டு மும்பையில் ரூ.51.75 கோடியைத் தொட்டது.

சட்டம் இவ்விஷயத்தில் அதிகம் உதவவில்லை. நாடாளுமன்றம் 1972-ம் ஆண்டு நிறைவேற்றிய தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், அரசு அறிவிக்கை செய்த கலைச் செல்வங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. ராஜா ரவி வர்மா, ஜாமினி ராய், அமிர்தா ஷேர்-கில் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. ராஸா அவர்களுள் இல்லை. ஓவியம் எங்கே போகிறது என்று கேட்கும் இச்சட்டம், அதை யார் வரைந்தது என்று கேட்பதில்லை. ஏமாந்தவர்கள் மோசடிக்கான பொதுப் பிரிவுகளையும் பதிப்புரிமைச் சட்டத்தையும் நம்பியே நீதிமன்றம் செல்ல வேண்டியுள்ளது.

அசல்களுக்கும் ஆபத்து உண்டு. தில்லியின் கோடை வெப்பமும் மழைக்கால ஈரமும் மாறி மாறித் தாக்கும்போது படுதா தளர்ந்து இறுகுகிறது. அதன் மேலுள்ள தடித்த தைலப் பூச்சு அதற்கேற்ப வளையாமல் விரிசல் விடுகிறது. வரப்புகளுக்கிடையே படியும் தூசியைத் துணியால் துடைத்தால் முனைகள் உடையக்கூடும். மென்மையான தூரிகையால் சிறிது சிறிதாக அகற்ற வேண்டும்.

ராஸா மறைந்த 2016-ம் ஆண்டில், அவரது ஓவியங்களை வரிசைப்படுத்திய முழு விவரப் பட்டியலின் முதல் தொகுதி வெளியானது. அது 1958 முதல் 1971 வரையிலான படைப்புகளைக் கொண்டது. பெயர், ஆண்டு, அளவு, கைமாறிய விவரம் ஆகியவற்றை அத்தகைய பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளலாம். வண்ணத்தின் மேடு பள்ளத்தைப் பார்க்க ஓவியத்தின் முன் சென்றுதான் நிற்க வேண்டும்.