வானத்திலிருந்து அளந்த புகை வழக்குக்கு உதவுமா?

காற்றை அளக்கும் கருவியே இல்லாத ஊர்க்காரர் காற்று கெட்டுவிட்டது என்று மனு கொடுத்தால், ஆதாரம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். நம் நாட்டில் கண்காணிப்பு நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கின்றன; 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் நகரங்களுக்கானதே. செங்கல் சூளைக்கும் அனல் மின் நிலையத்துக்கும் பக்கத்தில் வாழும் கிராமத்துக்குச் சொந்தமாக ஓர் எண்கூட இருப்பதில்லை. அந்தக் குறையைச் செயற்கைக்கோள் ஓரளவு தீர்க்கும். ஆனால் அது தீர்ப்பு சொல்லும் சாட்சி அல்ல. விசாரணையைத் தொடங்கவைக்கும் காரணம். இந்த வேறுபாட்டை மனுதாரரும் மறக்கக்கூடாது, அதிகாரியும் மறக்கக்கூடாது.

1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளில் துகள்களை அளக்க உதவும் மோடிஸ், மிசர் என்ற இரு கருவிகள் உள்ளன. மிசரின் ஒன்பது கேமராக்கள் ஒரே இடத்தை ஒன்பது கோணங்களில் சில நிமிட இடைவெளிகளில் படம் பிடிக்கின்றன. கோணம் மாறும்போது ஒளி சிதறும் விதமும் மாறுவதால், மேலே இருப்பது பாலைவனத் தூசா, எரிந்த புகையா என்று ஊகிக்க முடிகிறது. ஆனால் இக்கருவிகள் தருவது, தரையிலிருந்து வளிமண்டல உச்சிவரை உள்ள துகள்கள் எல்லாம் சேர்ந்து ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்ற அளவை. மூன்று கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் புகையும், கூரைமேல் கவிந்த புகையும் அதில் ஒன்றுபோலவே பதியலாம். ஈரப்பதத்தில் துகள்கள் ஊதிப் பெருத்தாலும் அளவு கூடும். மூக்கருகே உள்ள பிஎம் 2.5 என்ற நுண்துகள் அளவாக அதை மாற்ற வானிலைக் கணக்கும் தரைக்கருவியின் துணையும் வேண்டும். அப்படியானால் இதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். ஒரு நாள் படத்தை நம்பி வாதாட முடியாதுதான். ஆனால் பல ஆண்டுச் சராசரியின் நிலை வேறு. கான்பூர் ஐஐடியில் 2001 முதல் இயங்கும் சூரிய ஒளிமானி போன்ற தரைக்கருவிகளோடு ஒப்பிட்டு, பிழை எவ்வளவு என்பதையும் விஞ்ஞானிகள் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, படத்தில் இல்லாததை நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்வது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் தாளடி எரிப்பைக் கணக்கிடும் முக்கியச் செயற்கைக்கோள்கள் பகல் ஒன்றரை மணியளவில் கடந்து போகின்றன. அதற்குப் பிறகு வைக்கும் தீ பகல் கணக்கில் வராது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கும் தென்கொரியச் செயற்கைக்கோளைக் கொண்டு, எரிப்பு மாலைக்கு நகர்ந்திருப்பதை நாசா ஆய்வாளர் ஹிரேன் ஜேத்வா 2024இல் சுட்டிக்காட்டினார். எரிப்பு உண்மையிலேயே ஓரளவு குறைந்திருக்கலாம். ஆனால் தீப்புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டி வெற்றி என்று அறிவிக்க முடியாது. சென்னையின் போகிப் புகையும் இப்படித்தான். விடியுமுன் எரிக்கிறார்கள், துகளளவைக் கணிக்கும் இக்கருவிகளுக்கோ வெயில் வேண்டும். மேகம் மூடினாலும் அளவு கிடைக்காது. வரைபடத்தில் வெற்றிடமாக இருக்கும் நாளைச் சுத்தமான நாளாக எண்ணுவது தவறு.

மாசற்ற காற்றும் நீரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1981ஆம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஆலைப் புகை மாதிரியை எடுப்பதற்கு முறை வகுத்திருக்கிறது. அதன்படி எடுக்காத மாதிரியின் முடிவு சாட்சியமாகாது. ஆகவே விண்வெளிப் படத்தை மட்டும் வைத்து ஓர் ஆலையைக் குற்றவாளியாக்க முடியாது, அப்படி முயல்வது மனுவைத்தான் பலவீனமாக்கும். அந்தப் படத்தை இணைத்து, இங்கே வந்து அளந்து பாருங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்கலாம். அதே சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்துத் தனிநபரும் நீதிமன்றத்தில் புகார் தரலாம். வாரியத்திடமுள்ள தொடர்புடைய அறிக்கைகளையும் கேட்டுப் பெறலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில், பக்கத்துக் கண்காணிப்பு நிலையம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி உள்ளது, எத்தனை நாள் பழுதாகிக் கிடந்தது, ஆலையைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்டால் 30 நாளில் பதில் வரவேண்டும். எந்த அளவுகோல் என்பதையும் மனுவில் எழுதிவிடுங்கள்: பிஎம் 2.5 ஆண்டுச் சராசரிக்கு இந்திய வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 பரிந்துரை 5. சட்டப்படி செல்லுபடியாவது முதலாவதுதான்.

நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் 2000ஆம் ஆண்டு முதலான படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தேதியும் கருவியின் பெயரும் தெரியும்படி அவற்றைச் சேமிக்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் அதற்கான சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்ய, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை கிடைக்கலாம். புகை பல ஆண்டுகளாகவே இருக்கிறது, இப்போது ஏன் வந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு இதே பழைய படங்களைக் காட்டியும் வாதிடலாம். படங்களைத் திரட்டும்போதே வழக்கறிஞரிடம் இந்தக் கெடுவைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.