கங்கைகொண்டானில் எத்தனை எழுத்து?

திருநெல்வேலியிலிருந்து மதுரை நான்குவழிச் சாலையில் வடக்கே போனால், சிப்காட் தொழிற்பேட்டையும் எல்காட்டின் ஐ.டி. பூங்காவும் உள்ள கங்கைகொண்டான் வரும். ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்து? பள்ளிப் பிள்ளை விரல்விட்டு எண்ணி 7 என்று சொல்லிவிடும். பைதான் மொழியின் 'லென்' கட்டளையோ 13 என்கிறது.

கணினி தப்பாக எண்ணவில்லை. யூனிகோடு முறையில் 'ங்' என்றால் ங ஒன்று, புள்ளி ஒன்று. 'கை'யில் க ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. முதல் 'க' தவிர மற்ற ஆறும் இப்படி இரண்டிரண்டு.

சிக்கல் பைதானின் கையேட்டில்தான். 'லென்' பற்றிய அதிகாரபூர்வக் குறிப்பு, உறுப்புகளின் எண்ணிக்கையைத் தரும் என்பதோடு நிற்கிறது. ஸ்ட்ரிங்கின் உறுப்பு எது என்பது வேறொரு பக்கத்தில். தமிழ்க் குறிகள் சேரும் விதம் யூனிகோடு நூலின் தெற்காசிய அத்தியாயத்தில். எழுத்தை எங்கே வெட்டலாம் என்பது அதன் 29ஆம் இணைப்பில். ஆனால் 2-இன் 100ஆம் அடுக்கு வரை நீளும் எண் வரிசையைக் கொடுத்தால் என்ன பிழை வரும் என்று சொல்ல மட்டும் அந்தக் குறிப்பில் இடமிருக்கிறது! அப்படியொரு வரிசையை யார் எண்ணப்போகிறார்களோ.

'லென்' குறிப்பை மட்டும் படித்து ஒரு புரோகிராமர் படிவத்தில் ஊர்ப் பெயருக்கு 12 என்று வரம்பு வைக்கிறார் என்று கொள்வோம். கடைசிப் புள்ளி உதிர்ந்து 'கங்கைகொண்டான' என்று பதிவாகும். தமிழ் தெரியாத சோதனையாளர் கண்ணில் அது படவே படாது. 'கொ' இன்னும் பொல்லாதது. ஒகரக் குறியை ஒரே யூனிகோடு எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு எண்ணாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இரண்டாம் விதத்தில் ஊர்ப் பெயரின் நீளம் 14 ஆகிவிடும். ஒருவிதமாகச் சேமித்ததை மறுவிதமாகத் தேடினால் அப்படி ஊரே இல்லை என்று பதில் வரும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி பைதானிலேயே உண்டு. தேடுபவருக்கு அதன் பெயர் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே ஓர் அலகாகக் கொண்டு 7 என்று எண்ணுகிறது. அதன் கையேடும் அதை விளக்கிவிடுகிறது. பைதானுக்கு 'ஓப்பன்-தமிழ்' நிரல்தொகுப்பு அந்த வேலையைச் செய்கிறது.

கையேடு எழுதுவதில் நேர்மைக்குப் பழைய முன்மாதிரி உண்டு. 1971 நவம்பரில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தந்த யூனிக்ஸ் கையேட்டில், கட்டளையின் பயன்பாட்டோடு 'பிழைகள்' என்றும் ஒரு தலைப்பு இருந்தது. எங்கே காலை வாரும் என்பதை எழுதியவர்களே சொல்லிவிட்டார்கள்.

பைதான் கையேட்டின் மூலக்கோப்புகள் திறந்தே கிடக்கின்றன. திருத்தம் யாரும் அனுப்பலாம். 'லென்' குறிப்பில் 'கொ' என்று கொடுத்து 2 என்ற விடையைக் காட்ட இரண்டு வரி போதும்.