பாட்டியின் குரல் பத்திரமா?

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. அங்கே சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய பாறையில், ஏழு ராகங்களுக்கு உரிய ஸ்வர வரிசைகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர்களின் கருத்து. இத்தனை வெயிலும் மழையும் பார்த்தும் ஸ்வரங்கள் நிற்கின்றன. ஆனால் அவற்றைப் பாடிய குரல்? கல்லால் அதைக் காப்பாற்ற முடியவில்லை!

உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் கேசட்டிலோ குரலே இருக்கிறது. பேரனைத் தூங்கவைக்கப் பாட்டி பாடிய தாலாட்டு, அக்கா கல்யாணத்து நலங்குப் பாட்டு, இன்று இல்லாத அப்பாவின் சிரிப்பு! கல்லின் ஆயுள்தான் அதற்கு இல்லை. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி வெளியிட்ட இந்தக் கேசட்டின் நாடா, நான்கு மில்லிமீட்டர் அகலம்கூட இராது. பிளாஸ்டிக் நாடாவில் பசை கலந்து பூசிய காந்தப் பொடிதான் குரலைச் சுமக்கிறது. ஈரம் பட்டால் பசை தளரும், பொடி உதிரும், குரலும் போகும்.

ஆகவே, அதைக் கம்ப்யூட்டர் வழியாக ஸி.டி.க்கு மாற்றிவிடுங்கள். நீங்களே செய்துவிடலாம்.

முதலில், கேசட்டின் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் சில்லுகளையும் ஒடித்துவிடுங்கள். கை தவறி ரிக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் குரல் அழியாது. நாடாவில் பூஞ்சைக்காளான் வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். டேப்-ரிக்கார்டரின் ஹெட்டை, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சினால் துடையுங்கள். நாடாவை ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள், இறுக்கம் தளரும்.

ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்கு ஒரு வயர். அந்தத் துளை இல்லாத லேப்டாப் என்றால், யூ.எஸ்.பி.யில் செருகும் சிறு கருவி வேண்டும். 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில், 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்துப் பதியுங்கள். ஒலி அளவு காட்டும் கோடு உச்சியைத் தொடக் கூடாது. தொட்டால் குரல் கரகரக்கும். பிறகு திருத்த முடியாது. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் ஆகும், அவசரம் கூடாது!

இரைச்சலைக் குறைக்க வழி உண்டு. ஆனால் பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்க்காதீர்கள். இரைச்சலோடு பாட்டியின் மூச்சும் போய்விடும். சாதாரண ஸி.டி. 80 நிமிஷம் கொள்ளும். 60 நிமிஷக் கேசட்டுக்கு ஒன்று போதும். 90-க்கு இரண்டு வேண்டும். ஸி.டி. எழுதும் டிரைவ் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால், வெளியிலிருந்து இணைப்பதை வாங்கிக்கொள்ளலாம்.

ஸி.டி.யும் சிரஞ்சீவி அல்ல. ஒரு பிரதியை ஹார்ட் டிஸ்க்கிலும், இன்னொன்றைத் தங்கை வீட்டிலும் வையுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம் என்று உறையில் எழுதுங்கள். வேலை முடிந்ததென்று கேசட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணில் ஏறிப் பாருங்கள். அடுத்த வாரம் தொட்டிலில் கிடக்கும் குழந்தை, தான் பார்த்தே இராத கொள்ளுப்பாட்டியின் தாலாட்டில் கண்ணயரட்டுமே!