பழைய ஜீப் வாங்கப் போகிறீர்களா? முதலில் புக்கைக் காட்டச் சொல்லுங்கள்

பழைய ஜீப் பார்க்கப் போகிறவர் முதலில் பானெட்டைத் திறக்கிறார். ஸ்டார்ட் செய்து புகையின் நிறம் பார்க்கிறார். தரையில் படுத்து ஆயில் ஒழுகுகிறதா என்று தேடுகிறார். எல்லாம் பார்க்க வேண்டியதுதான், ஆனால் புக்கைப் பார்த்த பிறகு. துருப்பிடித்த பாடிக்கு டிங்கர் இருக்கிறார், தேய்ந்த கியருக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. ஆர்.சி. புக்கில் உள்ள கோளாறை எடுக்கிற பட்டறை எங்கேயும் இல்லை. பழைய ஜீப் ஆசையில் பணத்தை விட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். எஞ்சினைக் குறைசொல்ல மாட்டார்கள், புக்கைப் பற்றித்தான் புலம்புவார்கள்.

நம் பக்கம் கிடைக்கும் பழைய ஜீப்புகளின் வம்சம் பெரிதில்லை. 1940களின் கடைசியில் மகிந்திரா இங்கே பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப், அதன் வழியில் வந்த உயரமான பானெட் கொண்ட சி.ஜே. 3பி, பிறகு டீசல் எஞ்சினோடு வந்த எம்.எம். 540. நிசான் உரிமத்தில் ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலை செய்த ஜோங்கா. 1985 கடைசியில் வந்த மாருதி ஜிப்ஸி. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் வேலைக்கு இன்றும் ஜீப்தான். உழைப்புக்கு அசராத வண்டி என்ற பெயரும், சினிமா தந்த மவுசும் சேர்ந்து விலையை ஏற்றிவிட்டன. விலை ஏறிய இடத்தில் மோசடியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

பரவலான மோசடி இதுதான். எங்கோ உடைத்து எடைக்குப் போட்ட ஜீப்பின் புக் மட்டும் கைமாறும். அதிலுள்ள சேஸ் எண்ணை வேறொரு வண்டியில் குத்திவிடுவார்கள். அந்த வேறொரு வண்டி திருட்டு வண்டியாகவும் இருக்கலாம், பத்து வண்டிகளின் உதிரியில் கட்டியதாகவும் இருக்கலாம். அரியானாவின் மண்டி டப்வாலி இப்படி உதிரிகளிலிருந்து திறந்த ஜீப் கட்டித் தருவதில் பேர்போன ஊர். வேலைப்பாடு அழகாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் இன்ஸ்டாகிராமில் பார்த்து, லாரியில் ஏற்றி இங்கே இறக்கிய பிறகு அதை ஆர்.டி.ஓ. ஆபீசில் என்ன வண்டி என்று சொல்லிக் காட்டுவது?

ஆகவே டேஷ்போர்டில் திருகியிருக்கும் தகட்டை நம்பாதீர்கள். அதை எவரும் கழற்றி மாட்டலாம். சேஸ் சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணைத் துடைத்து, வெளிச்சத்தில் படியுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா, சுற்றிலும் வெல்டிங் அல்லது கிரைண்டர் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர், எரிபொருள், பதிவு முடியும் நாள், கடன் எல்லாவற்றையும் புக்கோடு ஒப்பிடுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் எஞ்சின், சேஸ் எண்களைக் கொடுத்தால், போலீஸ் தேடும் வண்டியா என்பது தெரியும். பழைய மூன்றெழுத்துப் பதிவெண் வண்டிகள் சில கணினியில் ஏறாமலே கிடக்கும். அப்படியானால் ‘பேக்லாக் என்ட்ரி’ போட்டுத் தருவது விற்பவரின் வேலை. ஏறிய பிறகே பாக்கிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

அரசு ஏலத்தில் எடுத்த ஜீப் என்றால் இன்னும் கவனம். மத்திய, மாநில அரசுகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் சொந்தமான, 15 ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை போக வேண்டிய இடம் அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையம். விதிவிலக்கு, பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் பயன்படும் சிறப்பு வண்டிகளுக்கு மட்டும்தான். ‘பி.டபிள்யூ.டி. ஜீப் சார், ஒரே டிரைவர் ஓட்டியது’ என்று யாராவது சொன்னால், எப்போது ஏலம் போனது, பெயர் எப்போது மாறியது என்று கேளுங்கள். ராணுவ வண்டிக்குக் கதை வேறு. மத்திய மோட்டார் வாகன விதி 47இன்படி, சம்பந்தப்பட்ட ராணுவ அதிகாரி கொடுத்த படிவம் 21 விற்பனைச் சான்றிதழின் அசல் வேண்டும். ஏல ரசீதின் ஜெராக்ஸ் போதாது.

தலைநகர் வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்குப் போட்ட கட்டுப்பாடுகளால் டெல்லி ஜிப்ஸிகள் மலிவாக வருகின்றன. படிவம் 28இல் அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. இல்லாமல் இங்கே பதிவெண் கிடைக்காது; தமிழ்நாட்டு வரியும் கட்டியாக வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பாதியாகிவிடும்.

பெயர் மாற்றத்துக்கு வருவோம். புரோக்கர்கள் விரும்புவது ‘ஓப்பன் ஃபார்ம்’, அதாவது தேதி, பெயர் எதுவுமில்லாமல் விற்றவர் கையெழுத்து மட்டும் போட்ட படிவம் 29, 30. இது இரண்டு பக்கமும் வெட்டும். மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வண்டி பல கை மாறியிருந்தது. முதல் சொந்தக்காரர்தான் மாட்டினார். பழைய கார் டீலரிடம் விற்பவர்கள் படிவம் 29சி மூலம் அறிவிப்புக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட வேண்டும். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற டீலர்தான் அதன்பின் அந்த வண்டிக்குப் பொறுப்பு.

இனி, பழுதுபார்க்க ஆரம்பித்தவர்கள் தெரியாமல் சட்டத்தைத் தாண்டும் இடம். பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்றுவது இங்கே ரொம்ப காலமாக நடக்கிறது. புக்கில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல். உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதையே உறுதிசெய்தது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஞ்சினே மாற்ற வேண்டிய நிலை வந்தால், அதே வகை எஞ்சினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றி, புதிய எண்ணைப் புக்கில் ஏற்றிவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்ம் வரும்போது முதலில் தேடுவது இந்தப் பொருத்தத்தைத்தான்.

‘வின்டேஜ் நம்பர்’ வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு ஆன, சேஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு மட்டுமே ‘வி.ஏ.’ வரிசை எண் கிடைக்கும். கட்டணம் ரூ. 20,000, பத்து ஆண்டு செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு தவிர வேறெதற்கும் ரோட்டில் எடுக்க முடியாது. வாடகைக்கும் விட முடியாது. ஜிப்ஸிக்கோ 2035 வரை இந்தப் பேச்சே இல்லை. சனி ஞாயிறு கொடைக்கானல் போக ஆசைப்படுகிறவர் இதன் பின்னால் ஓட வேண்டாம் என்பதே என் கருத்து. 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாக எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கும் சாதாரணப் பதிவே அவருக்கு ஏற்றது. இருபது ஆண்டைத் தாண்டிய கார், ஜீப்புக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி.

பட்டறையில் விடும்போது வாய்ப்பேச்சு வேண்டாம். என்ன வேலை, எந்த பாகம், எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிரிக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கழற்றிய அசல் கார்புரேட்டர் காணாமல் போவது இத்தொழிலில் புதிதல்ல. ஒப்படைத்த பொருளைப் பத்திரமாகக் காப்பது பட்டறைக்காரரின் சட்டக் கடமை. அதே நேரம், செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது. அங்கே சண்டை போட்டுப் பயனில்லை. பில்களைச் சேர்த்து வையுங்கள்: ஐந்து ஆண்டு தாண்டிய வண்டியின் காப்பீட்டு மதிப்பு நீங்களும் கம்பெனியும் பேசி முடிப்பது. பேச உங்களிடம் ஆதாரம் வேண்டும்.

உயிர் பற்றியும் ஒரு சொல். வில்லிஸ் ஜீப்பில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. காலித் தொட்டி என்று நினைத்து அதன் பக்கத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்தால் அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணியால் துடையுங்கள்.

ஏமாந்துவிட்டால்? டீலரோ பட்டறையோ என்றால் நீங்கள் நுகர்வோர். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ரூ. 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. விற்றவர் தனிநபர் என்றால் அந்த வழி இல்லை. பொய் சொல்லி விற்றிருந்தால் போலீசில் மோசடிப் புகார், பணத்துக்கு சிவில் வழக்கு. சேஸ் எண் திருத்தியது தெரிந்தால், வேறொருவர் தலையில் கட்டிவிடும் எண்ணத்தை விட்டுவிட்டு, நீங்களே முதலில் போலீசுக்குப் போங்கள். தெரிந்தும் திருட்டு வண்டியை வைத்திருப்பது தனிக் குற்றம். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் வழக்கில் பாதிச் சிரமம் குறையும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் காலக்கெடு இரண்டு ஆண்டு; பட்டறைக்காரர் ‘அடுத்த மாசம் முடிச்சிடறேன் சார்’ என்று சொல்லிச் சொல்லி அதைக் கரைக்க விடாதீர்கள்.