குறட்டைக்குப் பல் டாக்டரிடம் போகலாமா?

"அப்பா நல்லா அசந்து தூங்குறார்!" குறட்டைச் சத்தம் கேட்டால் வீட்டில் இப்படித்தான் சொல்வோம். ஆனால், அந்தச் சத்தம் திடீரென நின்று, சில விநாடிகள் கழித்துத் திணறலுடன் மறுபடி தொடங்கினால் அது நல்ல தூக்கம் அல்ல. 'ஸ்லீப் ஆப்னியா' எனும் மூச்சுத்தடையாக இருக்கலாம்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைப்பதுதான் இதற்குப் பொதுவான காரணம். குறைந்தது 10 விநாடிகள் மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. மணிக்கு 5 முதல் 15 தடை வரை லேசான பாதிப்பு. 30-ஐத் தாண்டினால் தீவிரம். கவனிக்காமல் விட்டால் உயர் ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். வண்டி ஓட்டும்போது கண் அயர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

பல் மருத்துவர் என்ன செய்வார்?

தேய்ந்த பற்கள், ஓரங்களில் பல் தடம் பதிந்த நாக்கு, குறுகிய மேல் அண்ணம், உள்வாங்கிய கீழ்த்தாடை... இவற்றைப் பார்த்ததும் பல் மருத்துவருக்குச் சந்தேகம் வரும். ஆனால், தூக்கப் பரிசோதனை செய்து நோயை உறுதிசெய்ய வேண்டியவர் அதற்கான மருத்துவர்தான்.

தீவிர பாதிப்புக்கு, முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் 'சிபேப்' கருவிதான் முதல் தேர்வு. பாதிப்பு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தாலும், சிபேப் ஒத்துவராவிட்டாலும், பல் அளவெடுத்துச் செய்யும் கிளிப் உதவும். இரவில் மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடையைச் சற்று முன்னே நகர்த்தி நிறுத்தும். நாக்கும் முன்னே வருவதால் மூச்சுப்பாதை திறக்கும். தாடை வலி, அதிக எச்சில், நாளடைவில் பல்வரிசை மாறுவது போன்ற பக்கவிளைவுகள் உண்டு. எனவே, ஆன்லைனில் கிடைப்பதை வாங்கி மாட்டாதீர்கள்.

குழந்தைகளுக்கு?

வாயைத் திறந்தபடி தூங்குவது, தினமும் குறட்டை, படுக்கையை நனைப்பது, பகலில் கவனச்சிதறல் ஆகியவை அறிகுறிகள். டான்சில், அடினாய்டு வீக்கமே பெரும்பாலும் காரணம் என்பதால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மேல் அண்ணம் குறுகியிருந்தால், வளரும் வயதிலேயே பல் சீரமைப்பு நிபுணர் கருவி பொருத்தி அதை விரிவாக்கலாம்.

தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நிற்பது பெரும்பாலும் தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். இன்றிரவு சத்தம் நின்று நின்று வந்தால், மொபைலில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.