எசனில் பிறந்து கொழும்பில் மூத்தவர்

ஆன் ரணசிங்க 2016 டிசம்பரில் கொழும்பில் காலமானபோது அவருக்கு 91 வயது. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கண்ட நீண்ட சீவியம். ஆங்கிலக் கவிதை வாசிக்கும் வட்டத்துக்கு வெளியே, அதிலும் நம் மட்டக்களப்புப் பக்கத்தில், அவர் பெயரை அறிந்தவர்கள் குறைவு. நாம்தான் அவரை நன்றாக அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஓடித் தப்பிய ஒரு பிள்ளை, கிழவியான பிறகும் அந்த ஓட்டத்தை நெஞ்சிலே வைத்திருக்கும் என்பதை இந்த வாவிக்கரைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அவர் பிறந்தது 1925இல், ஜேர்மனியின் எசன் நகரத்தில், ஒரு யூதக் குடும்பத்தில். பெற்றோர் வைத்த பெயர் அனலீஸ் கட்ஸ். 1938 நவம்பர் 9ஆம் திகதி இரவு நாட்சிகள் ஜேர்மனி எங்கும் யூதர்களின் தொழுகைக் கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். 1913இல் திறக்கப்பட்ட எசன் நகரத்துக் கூடமும் உள்ளே எரிந்து கரியானது. கற்சுவர்கள் மட்டும் விழாமல் நின்றன. அப்போது அந்தச் சிறுமிக்கு 13 வயது.

இரண்டு மாதம் கழித்து, 1939 ஜனவரியில், பெற்றோர் அவரை இங்கிலாந்தில் இருந்த உறவினரிடம் அனுப்பினார்கள். பின்னால் வருவோம் என்ற நம்பிக்கை. செப்டம்பரில் யுத்தம் தொடங்கிவிட்டது. அவர்களால் வர முடியவில்லை. 1941இல் போலந்தின் லோட்ஸ் நகரில் யூதர்களை அடைத்துவைத்த பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, 1944இல் ஹெல்ம்னோ கொலைமுகாமில் கொல்லப்பட்டார்கள். அதே 1941 நவம்பரில் வெளிநாட்டில் வாழ்ந்த யூதர்களின் பிரசாவுரிமையை ஜேர்மனி ஒரே சட்டத்தால் பறித்தது. அனலீசுக்கு 16 வயது. நாடும் இல்லை, தாய் தகப்பனும் அருகில் இல்லை.

லண்டனில் தாதிப் பயிற்சி பெற்றார். அங்கே ஒரு சிங்கள மருத்துவரைச் சந்தித்து 1949இல் மணம் முடித்தார். கணவர் பிற்காலத்தில் கொழும்பில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியரானார். கணவரின் முதல் மணத்துப் பிள்ளைகளும் தான் பெற்ற பிள்ளைகளுமாக ஏழு பேருக்கு ஆன் தாயானார். 1956இல் இலங்கைப் பிரசையானார்.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். அவரை இந்த நாடு ஏற்றுக்கொண்ட 1956இல்தான் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1948இல், மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்தார்கள். ஓர் அகதிக்குக் கதவைத் திறந்த கையே இந்த மண்ணில் உழைத்தவர்களுக்குக் கதவைச் சாத்தியது. இதில் ஆன் மீது எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் அவர் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடுவயதில்தான் எழுத்துக்கு வந்தார். முதல் கவிதைத் தொகுதி 1971இல் வெளிவந்தது. சர்வதேச மன்னிப்புச் சபையின் தெற்காசிய வெளியீட்டுப் பணியில் பல ஆண்டுகள் உழைத்தார். பிறகு 1983 ஜூலை வந்தது. கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எசனில் சிறுமியாகக் கண்டதை அவர் 57 வயதில் மறுபடி கண்டார். இம்முறை எரிந்தது அவருடைய வீடு அல்ல. அவர் தாக்கியவர்களின் சமூகத்தில் மணம் முடித்தவர். கொன்றவர்களையும் பார்த்துக்கொண்டு நின்றவர்களையும் பற்றி வாழ்நாள் முழுதும் யோசித்தவர், அந்த மாதத்தையும் ஆண்டையுமே தலைப்பாக வைத்து ஒரு கவிதை எழுதினார். பலர் வாய்மூடி இருந்த நேரத்தில் அதை எழுதியது சின்ன விடயம் அல்ல.

அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்களைக் கொண்டுவந்து அடைத்தது நம் மட்டக்களப்புச் சிறையில். செப்டம்பரில் அவர்கள் சிறையை உடைத்து வெளியேறியது ஊரறிந்த கதை.

எங்கள் பெரிய ஓட்டம் 1990இல். எழுவான்கரையில் இருந்த சனம் தோணியிலும் பாதை எனும் மிதவையிலும் வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஓடியது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்தார்கள். செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து இராணுவம் கொண்டுபோன 158 பேரில் எவரும் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் படுகொலை. அதற்கு முந்திய மாதம், ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள், அடுத்து ஏறாவூரிலும் முஸ்லிம்களைக் கொன்றார்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவர்களில் பலர் சிறுவர்கள். தொழும் இடத்தில் வைத்து மனிதரைக் கொல்வது என்னவென்று இந்த வாவியின் எல்லாச் சமூகங்களும் அறியும்.

இன்று மண்முனைத் துறையில் பாதை ஓடுவதில்லை. 2014இல் பாலம் வந்துவிட்டது. அன்று அரை நாள் காத்துக் கிடந்து கடந்த வாவியை இப்போது பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் இரண்டு நிமிடத்தில் கடக்கிறார்கள். அன்று கைக்குழந்தையோடு ஓடிய பெண்கள் இன்று அம்மம்மாக்கள், மூத்தம்மாக்கள். பேரப்பிள்ளையின் பாடசாலைப் பையைச் சரிபார்த்து அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் பெண்ணிடம், 1990இல் எங்கே இருந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

எசன் கேட்டது. கரியான கூடம் யுத்தத்துக்குப் பின் சில காலம் கைத்தொழில் வடிவமைப்பின் காட்சிச்சாலையாகத்தான் இருந்தது. அங்கே தொழுதவர்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. 1980இல்தான் அது நினைவிடமானது. 2010 முதல் யூதப் பண்பாட்டு இல்லம். துரத்தப்பட்டவர்களை அந்த நகரம் தேடி அழைத்தது, ஆனும் போனார். 2015இல் ஜேர்மனி தன் தேசிய விருதை அவருக்கு அளித்தது. பெற்றோரை அது திருப்பித் தராது. ஆனாலும், நடந்தது நடந்ததுதான் என்று ஒரு நகரம் தன் வாயால் சொல்வது பெரிய காரியம்.

காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரில் துப்பாக்கிச் சன்னம் துளைத்த அடையாளங்களை மக்கள் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். சத்துருக்கொண்டானில் தூபி நிற்கிறது. இவை சனம் தாமாகச் செய்தவை. அரசு கேட்டுப் பதியும் என்று காத்திருந்த எத்தனையோ தாய்மார் ஆணைக்குழு ஆணைக்குழுவாகச் சாட்சி சொல்லியே கண்மூடிவிட்டார்கள். ஆன் தன் கதையைத் தானே எழுதினார். அவருக்குக் கல்வியும் ஆங்கிலமும் இருந்தன. நம் வீட்டு மூத்தவர்களுக்காக நாம்தான் எழுத வேண்டும்.

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் அம்மம்மாவோ மூத்தம்மாவோ இருந்தால், இந்த மாதமே அருகில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊரிலிருந்து ஓடினீர்கள், எந்தத் துறையில் கடந்தீர்கள், யார் சோறு தந்தார்கள், யார் திரும்பி வரவில்லை. பெயரையும் திகதியையும் தவறாமல் எழுதி, ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.